நான் திருத்தி எழுதிய கடிதம்

இந்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து விலகுகிறேன். கணவருக்குக் கோயமுத்தூருக்கு மாற்றல். முப்பத்தோரு வயதில் இதை ஓய்வு என்று சொல்லிக்கொள்ளாதே என்று டாக்டரம்மா கண்டிக்கிறார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இனி பையைத் தூக்கிக்கொண்டு சாயல்குடி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும், போவதற்கு முன்னால் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். பிரசவம் பார்ப்பதும் அம்மை குத்துவதும் பயிற்சியிலேயே படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அதை நான் மறுபடி எழுத வேண்டாம். நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

நான் பட்டியல் போடுகிறவள் என்பது இந்த ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். என் மேசை இழுப்பறையைத் திறந்தால் நீங்களும் தெரிந்துகொள்வீர்கள். பரமக்குடியில் எங்கள் அய்யா தறிக்கு நூல் வாங்கப் போனால்கூட ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுதான் போவார். எனக்கும் அந்தப் பழக்கம். பயிற்சிப் பள்ளியில் அதற்காகவே ஒரு பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசு எனக்குக் கொஞ்சம் கெடுதல் செய்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் நடந்தது இது. அப்போது நான் ராமேஸ்வரம் தீவில் அக்காள்மடம், அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போய், பிரசவம் பார்க்கும் பெண்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் சவேரியம்மாள் என்று ஒரு பெண். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர், கருவாட்டு வியாபாரம், நான்கு பிள்ளைகள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தடவை சொன்னதை மறக்க மாட்டார். பிளேடைக் கொதிக்க வைக்காமல் தொப்புள்கொடியை அறுத்தால் விஷம் ஏறும், ஏழாம் நாள், எட்டாம் நாளில் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிடும் என்று நான் சொன்ன அன்று, மற்றவர்கள் எழுந்து போன பிறகும் இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மீன் அறுக்கும் கத்தியால் அறுத்தாலும் அப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவருடைய தங்கை லூர்து, கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார்க் கரையில் ஒரு சின்ன மீன்பிடி ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அந்தக் கல்யாணம் நடந்த காலத்தில் தலைமன்னாருக்குப் போவது பாம்பனுக்குப் போவது மாதிரி. பிறகு அனுமதிச் சீட்டு, முத்திரை, விசாரணை என்று வந்தபின், அக்காவும் தங்கையும் பார்த்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. லூர்துக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டுமே ஏழெட்டு நாளில் போய்விட்டன. இப்போது மூன்றாவது வயிற்றில் இருப்பதாக அங்கிருந்து வந்த ஒருவர் சொல்லியிருந்தார்.

"அந்த ஊர்ல யாருக்கும் இது தெரியாது நர்சம்மா. அவுகளுக்கு யாரு சொல்லுவா?" என்றார் சவேரியம்மாள்.

இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் எங்கள் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. பத்து நாள் யோசித்தார். பிறகு நாமே போவோம் என்றார். சம்பளம் கிடையாது, அவரவர் விடுமுறையில், சவேரியம்மாளையும் சேர்த்து ஆறு பேர். பிள்ளை பிறப்பதற்கு முன் அந்த ஊரில் ஒருத்திக்காவது கற்றுக்கொடுத்துவிட்டு வருவது. திட்டமிடும் பொறுப்பு என்னுடையது.

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்தாறு வரிப் பட்டியல் போட்டேன். கொதிக்க வைக்கப் பாத்திரம், பிளேடுகள், நூல், சோப்பு, பஞ்சு, நேரம் பார்க்க ஒரு அலாரம் கடிகாரம். யார் எந்தப் பெட்டியைத் தூக்குவது என்பது வரைக்கும் அதில் இருந்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கடிதம் எழுதி, நாங்கள் எப்போது வரலாம் என்று கேட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. மரியாதையான, சின்னக் கடிதம். அதில் முக்கியமான வரிகள் இவை:

"சனம் இப்ப வாடியில் இருக்கினம். நீங்கள் ஆறுதலாக வந்தால் போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே வாடிப்போய் இருக்கிறது, நீங்கள் வந்து ஒரு ஆறுதல் சொன்னாலே போதும் என்று ஒரு வாத்தியார் எழுதுகிறார் என்றால் அங்கே எத்தனை பிள்ளைகள் செத்திருக்கும் என்று நினைத்தேன். அனுமதி விண்ணப்பத்தோடு கடிதத்தின் நகல் இணைக்க வேண்டியிருந்தது. என் கையெழுத்தில் அழகாக நகல் எடுத்தேன். 'வாடியில்' என்பது கைப்பிழை என்று பட்டதால் "மக்கள் இப்போது வாடி இருக்கிறார்கள்" என்று திருத்தினேன். 'ஆறுதலாக' என்ற சொல்லுக்கு அடியில் கோடும் போட்டேன். அந்த நகலைப் படித்த அதிகாரியும் இளகியிருக்க வேண்டும். நான்கு மாதம் ஆகும் என்றார்கள், ஆறே வாரத்தில் அனுமதி வந்துவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள் கரையிறங்க வேண்டும், இறங்கிய நாளிலிருந்து பதினைந்து நாள் தங்கலாம், அந்த ஒரு ஊரில் மட்டும். செப்டம்பர் முதல் வாரத்திலேயே கிளம்புவது என்று நாள் குறித்தேன். வாடியிருப்பவர்களைக் காக்க வைக்கலாமா?

சவேரியம்மாளிடம் கடிதம் வந்ததும் சொல்லிவிட்டேன். வரச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று. அவ்வளவுதான் சொன்னேன். கடிதத்தை வாசித்துக் காட்டவில்லை. படிக்கத் தெரியாதவரிடம் சாரத்தைச் சொன்னால் போதும் என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நானாகவே அப்படி நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, பெட்டிகளைச் சரிபார்க்க அக்காள்மடம் போனேன். மறுநாள் தனுஷ்கோடியில் கப்பல். சவேரியம்மாள் தங்கைக்காகக் கருவாடும் பனங்கருப்பட்டியும் கட்டி வைத்திருந்தார். தெருவில் எல்லோரும், பக்கத்து ஊரான தங்கச்சிமடத்தைச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். "அக்காள்மடத்து அக்கா போறா, தங்கச்சியத் தங்கச்சிமடத்துல கட்டிக் குடுத்திருந்தா நடந்தே போயிருக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, "அங்கன ஒங்க அண்ணன்ல மாப்பிள்ளையா இருந்தாரு, அதுக்குக் கடலே தேவலன்னு குடுத்துட்டோம்" என்றார் சவேரியம்மாள்.

பெட்டி மேல் இருந்த என் கோப்பைப் பார்த்து, அந்தக் கடுதாசி இதில் இருக்கிறதா என்று கேட்டார். லூர்து பேர் அதில் இருந்தால் அந்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்டச் சொன்னார். நகல் விண்ணப்பத்தோடு போய்விட்டது, கையில் இருந்தது மூலம்தான். முதலிலிருந்தே வாசித்தேன். இரண்டு வரி போனதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதத் திரும்ப வாசிங்க."

வாசித்தேன்.

"வாடியில இருக்காகன்னா எழுதியிருக்கு?"

"ஆமாம். வாடிப்போய் இருக்கிறார்கள் என்று..."

"வாடிப்போயி இல்லம்மா. வாடில. வாடின்னா நாங்க கரையில போடுற ஓலைக் கொட்டகை. அவுக பக்கம் மேக்கத்திக் கச்சான் காத்து அடிச்சாத் தொழில் பாக்க முடியாதுன்னு பொண்டு புள்ளையோட கிழக்குக் கரைக்குப் போயி வாடி போட்டுக் கெடப்பாக. ஊர்ல ஒருத்தரும் இருக்க மாட்டாக."

நான் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆறுதலாக வந்தால் போதும் என்று இருக்கிறதே" என்றேன்.

"ஆறுதலான்னா மெதுவா. அவுக அப்பிடித்தான் சொல்லுவாக. எங்க தங்கச்சி மாப்பிள்ளை இங்கன விருந்துக்கு வந்திருந்தப்ப, சாப்பிட வாங்கன்னா 'நான் ஆறுதலாச் சாப்பிடுறன்'ம்பாரு. யாரு செத்துப் போயிட்டா ஆறுதல் சொல்லன்னு எங்க அய்யாவே கேலி பண்ணுவாரு. மெதுவா வாங்க, அவசரமில்லன்னு எழுதியிருக்காரு நர்சம்மா. நீங்க என்னன்னு நெனச்சீக?"

நான் என்ன நினைத்தேன் என்று சொன்னேன். சவேரியம்மாள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எத்தனை நாளில் திரும்புவார்கள் என்று கேட்டேன். கச்சான் ஓய வேண்டும், மூன்று வாரமும் ஆகலாம், நாலு வாரமும் ஆகலாம் என்றார். செப்டம்பர் முடிய மூன்றரை வாரம் இருந்தது.

ரயில் பிடித்து ராமநாதபுரம் வந்தேன். வழியெல்லாம் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆறு பேர் விடுமுறை வாங்கியாகிவிட்டது. பெட்டி கட்டியாகிவிட்டது. போய்விட்டால் ஊரில் நாலு பேராவது இருக்க மாட்டார்களா? இதை யாரிடமும் சொல்லாமல் போனால்கூட, ஊர் காலியாக இருப்பதை அங்கே போய்த்தான் கண்டோம் என்று எல்லோரும் நம்புவார்கள். இப்படியும் நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் இந்த நினைப்பு வரும்.

டாக்டரம்மாவிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கடிதத்தை நான் திருத்தியது உட்பட. அவர் கோபப்படவில்லை, ஆனால் எளிதாக விடவும் இல்லை. போகாமல் இருந்து, காற்று ஓய்வதற்குள் அனுமதி முடிந்துவிட்டால் மறுபடி நான்கு மாதம், அதற்குள் பிள்ளை பிறந்துவிடும், கையில் இருப்பதை விடாதே, கிளம்புவோம் என்றார். அதுவும் நியாயம்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கடிதத்தைப் படிச்சது நீ. இப்ப புரிஞ்சுக்கிட்டதும் நீ. நாளைக்குப் போறதா, நிக்கிறதா? நீயே சொல்லு. நான் அதன்படி கையெழுத்துப் போடறேன்."

எனக்கு யோசிக்க அதிக நேரம் கிடைக்கவில்லை. நாளைக்குப் போனால் பயணம் நிச்சயம், ஆனால் யாருக்காகப் போகிறோமோ அவர்கள் அங்கே இல்லை. நின்றால் பயணமே சந்தேகம், ஆனால் நடந்தால் அது அவர்களிடம் போய்ச் சேரும். இப்படி எதிரெதிராக வைத்துப் பார்த்ததும், முதலாவதில் நிச்சயமாக இருந்தது எங்கள் பயணம் மட்டும்தான் என்று தெரிந்தது. நிற்போம் என்றேன்.

அன்றைக்கே வாத்தியாருக்குத் தந்தி கொடுத்தேன். ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள், இது ஒன்றுதான் கேள்வி. மறுநாள் பதில் வந்தது: "நானும் ஆடுகளும்." சனம் திரும்பியதும் தகவல் தரும்படி இன்னொரு தந்தி கொடுத்தேன்.

அதன்பிறகு வந்த மூன்று வாரம்தான் இந்த வேலையில் நான் பட்ட மிகக் கடினமான நாட்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆறு பேரில் இரண்டு பேர், விடுமுறையை மாற்ற முடியாமல் விலகிக்கொண்டார்கள். ஒருத்தி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன, இன்னும் வாடியிருக்கியா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். சவேரியம்மாள் தினமும் காலையில் கரைக்குப் போய்க் காற்றைப் பார்த்து, ராமநாதபுரம் வரும் யாரிடமாவது செய்தி சொல்லி அனுப்புவார். "இன்னும் அடிக்குது." மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும் அதுவே. மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது ஒரு மீன்கூடைக்காரி ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "காத்து விழுந்துருச்சாம், சொல்லச் சொன்னாக" என்றாள். அன்று சாயங்காலம் தந்தி வந்தது: "வள்ளங்கள் தெரிகின்றன." ஊர்ச் சனத்தின் படகுகள்தான்.

நான்கு பேர் கிளம்பினோம். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் தலைமன்னாரில் இறங்கினோம்.

ஊருக்குள் நாங்கள் போனபோது பெண்கள் வீடுகளுக்குள் குவிந்திருந்த மணலை வாரிக்கொண்டிருந்தார்கள். லூர்து கையில் கூடையோடு நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு அவள் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, ஏன் இவ்வளவு கறுத்துப் போனாய் என்பது. "ஒங்க ஊரு வெயிலுதானடி எங்களுக்கும் வருது" என்று சொல்லிவிட்டு, சவேரியம்மாள் அவள் கையிலிருந்த கூடையைப் பிடுங்கித் தானே மணல் வாரத் தொடங்கினார். இருவரும் அழுதார்களா என்று எனக்குத் தெரியாது. நானும் டாக்டரம்மாவும் பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டோம்.

முதல் நாள் வகுப்பு நான் எடுத்தேன். இருபது நிமிடம் கொதிக்க வேண்டும் என்று சொல்லி அலாரம் கடிகாரத்தை வைத்தேன். பெண்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்த ஊரில் கடிகாரம் இருந்தது வாத்தியாரிடமும் கோயிலிலும்தான். மணி பார்க்கத் தெரிந்த பெண் ஒருத்திகூட இல்லை. சவேரியம்மாள் முன்னால் வந்து, மடியிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். தண்ணீர் கொதி வந்ததும் தொடங்கி, மாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் ஒவ்வொரு செபமாகச் சொல்லி முடியும் வரை பிளேடு உள்ளே கிடக்கட்டும் என்றார். எனக்குத் தெரியாமல் அவர் அக்காள்மடத்தில் எத்தனை மாதமாகவோ இப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம்.

லூர்தின் பக்கத்து வீட்டுக்காரி பிலோமி சொல்லிப் பார்த்தபோது ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டாள். "இவள் செபம் சொன்னால் மாதாவுக்கே மூச்சு வாங்கும்" என்றாள் லூர்து. எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும், பிலோமிக்கு மட்டும் இரண்டு மாலை என்று முடிவானது.

தொப்புள்கொடிக்குப் பதிலாக நனைத்த வலைக்கயிற்றுத் துண்டை வைத்துப் பழகினோம். கயிற்றில் முடிச்சுப் போட அந்தப் பெண்களுக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிலோமியின் முடிச்சை டாக்டரம்மாவாலேயே அவிழ்க்க முடியவில்லை.

பதினான்காம் நாளும் வந்தது. லூர்துக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இரண்டு வாரம் போகும் என்றார். சவேரியம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, தான் வரவில்லை என்றார்.

"நீங்க போங்க. போலீசு வந்தா வாடியில போயிப் படுத்துக்கிருவேன். ரெண்டு புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ நர்சம்மா என் தங்கச்சி. மூணாவதுக்கு நான் இங்கன இல்லாம எப்பிடி?"

அவர் கேட்டதில் எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவரைப் பிடித்துவிட்டால் அவர் மட்டுமல்ல, அதன்பிறகு எங்கள் பக்கத்திலிருந்து யாரும் எதற்காகவும் அங்கே போக முடியாது. இதைச் சொன்னேன். அவர் கேட்பதாக இல்லை. அப்போது லூர்துதான் வந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

"நீ போ அக்கா. நீ இருந்தால் உன்னை நம்பித்தான் எல்லாரும் இருப்பினம். பிலோமி இருக்கிறாள்தானே."

சவேரியம்மாள் பிலோமியைக் கூப்பிட்டு, கை கழுவுவதிலிருந்து கடைசி முடிச்சு வரை எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னார். நடுவில் ஒரு வார்த்தை திருத்தவில்லை. முடிந்ததும் எழுந்து தன் துணிகளைக் கட்டினார்.

திரும்பி வந்தபின் நாங்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். சவேரியம்மாள் வகுப்புக்கு வருவார், எதுவும் கேட்க மாட்டார். ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. உறையைப் பிரிக்காமல் ரயில் ஏறி அக்காள்மடம் போய், அவர் முன்னால் உட்கார்ந்து பிரித்தேன். ஒரு சொல்லையும் மாற்றாமல், எழுதியிருந்தபடியே வாசித்தேன். முதல் வரியிலேயே வாத்தியார் எங்களுக்கு வேண்டியதை எழுதிவிட்டார்:

"லூர்தின் ஆண்பிள்ளைக்கு இன்று இருபத்திரண்டு நாள்."

சவேரியம்மாள் அந்த வரியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மிச்சத்தைப் பிறகுதான் வாசிக்க விட்டார். பிலோமி தனியாகத்தான் பார்த்தாளாம். அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்து அவளைக் கூட்டிப்போயிருக்கிறார்கள், அங்கேயும் ஒரு பிள்ளை நலமாம். அந்த ஊர்ப் பெண்கள் பிலோமியிடமே கற்றுக்கொள்கிறார்கள், ஆகையால் நீங்கள் இன்னொரு முறை சிரமப்பட்டு வர வேண்டியதில்லை என்று வாத்தியார் முடித்திருந்தார்.

என் பையில் இரண்டாவது பயணத்துக்கான விண்ணப்பம் பாதி எழுதிய நிலையில் இருந்தது. புதுப் பட்டியலும் இருந்தது, இந்தத் தடவை இருபது வரிதான். இது இனித் தேவையில்லை என்று சந்தோஷமாகவே சொன்னேன். நாம் போன வேலை நம்மை வேண்டாம் என்று சொல்வதைவிட வேறு என்ன வேண்டும் என்று ஏதோ பேசினேன்.

"ஒங்களுக்குத் தேவையில்ல" என்றார் சவேரியம்மாள். "நான் எம் புள்ளையப் பாக்க வேண்டாமா?"

விண்ணப்பத்தை எடுத்தேன். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'கிராமப்புறத் தாய்சேய் நலப் பயிற்சி' என்று தொடங்கி ஐந்து வரி எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, என்ன போடட்டும் என்று அவரிடமே கேட்டேன். அவர் யோசிக்காமல் சொன்னார். சொன்னபடியே எழுதினேன்:

'தங்கச்சி மகனைத் தூக்க.'